பசியா, நோயா?

தறியின் ஓசையைக் கேட்டே வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம் ஆரணியில் இன்னும் இருக்கிறார்கள். நாடாவுக்குள் இருக்கும் தாரில் ஊடை நூல் தீர்ந்துபோனாலும் தறி உடனே நின்றுவிடுவதில்லை. மிதி இயங்கும், நாடா இப்புறமும் அப்புறமும் ஓடும், அச்சு வந்து அடிக்கும். சேலை மட்டும் ஓர் இழையும் வளராது. அப்போது எந்த நெசவாளரும் தறி கெட்டுவிட்டதென்று அதைப் பிரித்துப் போடுவதில்லை. நாடாவைக் கையில் எடுத்துத் தாரைப் பார்க்கிறார். உள்ளே வரவேண்டியது வரவில்லை என்பதைக் கண்டு, வேறு தார் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

தறியில் நாம் இயல்பாகக் கைக்கொள்ளும் இந்த நிதானம் மற்ற இடங்களில் நம்மைவிட்டுப் போய்விடுகிறது. இவ்வாரம் ஒரு பழைய மோட்டார் வண்டியின் வழியே இதைச் சிந்திக்க விரும்புகிறேன்.

நம் சபைக் குடும்பம் ஒன்றில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது. இளையவர்களில் பலர் அப்பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் அறிமுகமான வண்டி அது. இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி அதற்கு வடிவம் கொடுத்தார். சென்னையைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் அதை வண்டலூர் அருகேயிருந்த தன் தொழிற்சாலையில் தயாரித்தது. கல்கத்தாவிலிருந்து அம்பாசிடரும் பம்பாயிலிருந்து ஃபியட்டும் வந்துகொண்டிருந்த காலத்தில், நம் மாநிலத்திலேயே பிறந்த கார் என்று சொல்லிக்கொள்ள அது இருந்தது. முன்பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின்மேல் அமர்ந்தபடியே எஞ்சினில் வேலை செய்யலாம். பழைய மெக்கானிக்குகள் அவ்வண்டியை நேசித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த வண்டியை வாங்கிய பெரியவர் இன்று நம்மோடில்லை. தறியில் உட்கார்ந்து தொடங்கி, பிற்காலத்தில் சிறு பட்டு வியாபாரியானவர். சேலை மூட்டைகளைப் பின்னிருக்கையில் அடுக்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் அதில்தான் போய்வந்தார். அவருக்குப் பின் அவர் மகன், தம் தாயாரை மாதந்தோறும் வேலூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல அதையே வைத்திருந்தார். அந்த வண்டி வழியில் நிற்கத் தொடங்கியது. ஆரணியிலிருந்து ஒழுங்காகப் புறப்படும். கண்ணமங்கலத்தை எட்டுமுன் இழுவை குறைந்து, குலுங்கி, நின்றுவிடும். பத்து நிமிடம் காத்திருந்தால் மறுபடியும் உயிர்பெறும். சிறிது தூரம் ஓடி மீண்டும் நிற்கும்.

பட்டறை ஒன்றில் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினார்கள். மற்றொன்றில் காயிலையும் பிளக்குகளையும் மாற்றினார்கள். பிறகு, எஞ்சினே தேய்ந்துவிட்டது, முழுவதும் இறக்கிச் செய்யவேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை அந்தக் குடும்பத்தால் இயலாதது. பழைய இரும்பு வாங்குகிறவர் எடைக்கு ஒரு விலை பேசினார். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை மகன் என்னிடம் வந்தார்.

“ஐயா, வண்டியைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். அம்மா ஒண்ணும் பேச மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்” என்றார்.

ஊழியத்துக்கு வருமுன் இரண்டு ஆண்டுகள் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை கற்றவன் நான். ஆகவே தாயாரிடம் பேசுவதற்கு முன்பாக அவரிடம் ஒன்று கேட்டேன்: “தம்பி, அது எப்படி நிக்குது? அதை முதல்ல சொல்லு.”

அவர் சொன்ன பதிலில் பாதி விடை இருந்தது. வண்டி பட்டென்று அணைவதில்லை. மெல்ல மெல்லத் தளர்ந்து, கார்புரேட்டரின் வாயில் ‘டப் டப்’ என்று வெடித்து, பிறகே நிற்கிறது. தளரும் நேரத்தில் சோக்கை இழுத்தால் சற்றுநேரம் உயிர்வந்து ஓடுகிறது. வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் நிற்பதில்லை.

மின்பொறி தவறினால் எஞ்சின் பெரும்பாலும் விளக்கை அணைத்ததுபோல நிற்கும். மெல்லத் தளர்வது பெட்ரோல் குறைவதன் அடையாளம். சோக்கை இழுக்கும்போது காற்று குறைந்து கலவை செறிவாகிறது. அதனால் பிழைக்கிறது என்றால், அதற்குமுன் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஓர் எடை பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 எடை காற்று வேண்டும். காற்று அப்படியே இருக்க, பெட்ரோல் மட்டும் குறைந்துகொண்டே போனால் முதலில் இழுவை போகும். பிறகு உயிர் போகும்.

நம் ஊரின் மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். எழுபது வயதைக் கடந்தவர். பானெட்டைத் திறப்பதற்கு முன் அவர் சொன்ன சொல்லையே இச்சிந்தனைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்: “ஐயா, இது பசியா நோயான்னு முதல்ல தெரிஞ்சாகணும். பசிச்சவனுக்கு ஆபரேசன் பண்ணக்கூடாது.”

இனி, பெட்ரோல் செல்லும் வழியைக் கவனியுங்கள். ஹெரால்டில் டாங்கி பின்புறம் டிக்கியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் வண்டியின் அடிவழியே முன்னால் வந்து, ஒரு ரப்பர் ஹோஸ் மூலம் எஞ்சினின் பக்கவாட்டிலுள்ள பெட்ரோல் பம்பில் சேர்கிறது. பம்புக்குள் ஒரு டயாபிரம். எஞ்சின் சுழலும்போது அது கீழிறங்கிப் பெட்ரோலை இழுக்கும். ஒரு சுருள்வில் அதை மேலே தள்ளிக் கார்புரேட்டருக்கு அனுப்பும். கார்புரேட்டரில் மிதவை அறை என்னும் சிறு தொட்டி. பெட்ரோல் நிரம்ப நிரம்ப மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடும். குறையக் குறையத் தாழ்ந்து அதைத் திறக்கும். அந்தத் தொட்டியிலிருந்து ஜெட் என்னும் நுண்துளை வழியாகத்தான் எஞ்சின் உண்கிறது.

இவ்வழியில் எங்கே அடைப்பு ஏற்பட்டாலும் எஞ்சினுக்குத் தெரிவது ஒன்றே: உணவு வரவில்லை. அடைப்பு டாங்கியிலா, குழாயிலா, பம்பிலா, ஊசி வால்விலா, ஜெட்டிலா என்று அது சொல்லாது. நாம்தான் தேடவேண்டும். தேடுவதற்கு ஒரு முறை உண்டு: வழியை நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் குறை இருக்கிறதென்று பார்ப்பது.

வண்டியை ஊருக்கு வெளியே ஓட்டிச்சென்றோம். தளர்ந்து நின்றவுடன், ஒரு கணமும் தாமதியாமல், மிதவை அறையின் மூடியைத் திறந்தார் மெக்கானிக். அடியில் சிறிதளவே பெட்ரோல் இருந்தது. அறை நிரம்பியிருந்தால் குறை ஜெட்டுகளில் இருக்கவேண்டும். வெறுமையாயிருந்ததால் குறை அதற்கு முன்னே எங்கோ இருக்கிறது. மூன்று முறை கழுவப்பட்ட ஜெட்டுகள் ஒரு குற்றமும் செய்யவில்லை என்பது அந்த ஒரு பார்வையில் விளங்கிற்று. ஊசி வால்வைக் கையால் அசைத்துப் பார்த்தோம்; தடையின்றி ஏறி இறங்கியது.

வாசலில் நிறுத்தினால் ஒரு மணி நேரம் ஓடும் வண்டி சாலையில் ஏன் நிற்கிறது? ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டி மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு மணிக்கு 4 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 67 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். நின்றபடி ஓடும்போது இதில் ஒரு சிறு பங்கே போதும். குழாயில் நிமிடத்துக்கு 55 மில்லிலிட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் அது தாராளம். சாலையில் நிமிடத்துக்கு 12 மில்லிலிட்டர் பற்றாக்குறை. அந்தக் குறையை மிதவை அறை தன் சேமிப்பிலிருந்து ஈடுசெய்யும். அறையில் 50 மில்லிலிட்டர் இருந்தால் நான்கு நிமிடத்தில் சேமிப்பு தீரும். பிறகு வண்டி நிற்கும். காத்திருந்து எஞ்சினை மீண்டும் சுழற்றும்போது பம்பு மெல்ல அறையை நிரப்பும்; மறுபடியும் சில நிமிட ஓட்டம். குறையின் அளவு மாறினால் ஓடும் தூரமும் மாறும்.

டாங்கியின் மூடியை முதலில் பார்த்தோம். மூடியில் காற்றுத் துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தும் வண்டி நின்றது. ஆகவே குறை மூடியில் இல்லை. அடுத்தது வெப்பம். நம் பகுதியின் மே மாத வெயிலில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியடைப்பது உண்டு. பழைய ஓட்டுநர்கள் அதற்காகப் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். நாங்களும் சுற்றிப் பார்த்தோம். மறுநாள் விடியற்காலைக் குளிரிலும் ஓட்டிப் பார்த்தோம். மாற்றமில்லை.

பிறகு பம்பைச் சோதித்தோம். டாங்கியிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, பம்புக்கு ஒரு தனி டப்பாவிலிருந்து பெட்ரோல் கொடுத்து, அது வெளியே தள்ளுவதை அளவுக் குவளையில் பிடித்தோம். தாராளமாகப் பீய்ச்சியது. பழைய ஹோஸை மறுபடியும் இணைத்தபோது, சற்றுநேரத்தில் அது மெலிந்த ஒழுக்காயிற்று. அப்படியானால் பம்பும் நல்லதே. குறை டாங்கிக்கும் பம்புக்கும் இடையில். (திறந்தவெளியில், மணல் வாளி அருகிலிருக்க, தேர்ந்த மெக்கானிக் செய்தது இது. பெட்ரோலை வாயால் உறிஞ்சுவதோ, வீட்டுக்குள் வைத்துச் சோதிப்பதோ கூடாது.)

மகன் அப்போது சொன்னார்: “அந்தக் குழாயை ஏற்கெனவே பாத்துட்டாங்க ஐயா. கம்ப்ரசர் வச்சு ஊதினாங்க. டாங்கியில குமிழி வந்துச்சு. அடைப்பு இல்லைன்னாங்க.”

மெக்கானிக் சிரித்தார். “ஊதினா சரி. பெட்ரோல் அந்தப் பக்கமாவா போகுது?” என்றார்.

மருந்துக்கடையில் வாங்கிய பெரிய ஊசிக்குழல் ஒன்றை ஹோஸின் முனையில் பொருத்தினார். உள்நோக்கி அழுத்தினார், டாங்கியில் குமிழி எழுந்தது. பிறகு இழுத்தார். முதலில் சிறிது பெட்ரோல் வந்தது. பலமாக இழுத்தபோது தண்டு கையில் இறுகி நின்றுவிட்டது. ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் கத்தியால் பிளந்தோம். வெளிப்புறம் பளபளப்பாக, புதிது போலவே இருந்தது. உட்புறத்தில் ரப்பர் உப்பி, ஓர் அடுக்கு பிரிந்து, நாக்குபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதும்போது அந்த நாக்கு சுவரோடு படிந்து வழிவிடும். இழுக்கும்போது எழுந்துவந்து வழியை மூடும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுக்கமாக மூடும்.

இது அந்தக் காரைச் செய்தவர்களின் குறையன்று. அந்த ஹோஸ் பின்னாளில் எப்போதோ மாற்றப்பட்டது. நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025க்குள் பரவலாயிற்று. எத்தனால், பழைய வகை ரப்பரை உப்பச்செய்யும், டாங்கியிலும் குழாயிலும் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடைக் கரைத்து இழுத்துவரும், ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே பழைய கார், பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள், எத்தனாலைத் தாங்கும் ஹோஸையே கேட்டு வாங்குங்கள். ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டிருக்கும் வகை அதற்கு ஏற்றது. பம்பின் டயாபிரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் பெட்ரோலோடு நிறுத்திவைக்கவும் வேண்டாம்.

இரண்டு முழம் ஹோஸ், நான்கு கிளிப்புகள், முன்னெச்சரிக்கையாக ஒரு புது டயாபிரம். ஆன செலவு இவ்வளவே. வெள்ளிக்கிழமை மாலை அந்த 948 சி.சி. எஞ்சின் வேலூர்வரை போய் ஒருமுறையும் தளராமல் திரும்பியது. இரும்பு வாங்குகிறவருக்கு மகன் தொலைபேசியில் சொல்லிவிட்டார். தாயாரிடம் நான் சொல்லவேண்டியிருந்த வார்த்தைக்கு அவசியம் இல்லாமற்போயிற்று. “அவர் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்” என்று அந்த அம்மா மெக்கானிக்குக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்பானவர்களே, அந்த ஹோஸ் துண்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்தோறும் மூன்று காரியங்களை எண்ணுகிறேன்.

முதலாவது, ‘எஞ்சின் போய்விட்டது’ என்று தீர்ப்பளிக்குமுன், அதற்குச் சேரவேண்டியது சேர்கிறதா என்று பார்க்கவேண்டும். படிப்பில் பின்தங்கும் பிள்ளையை மந்தமானவன் என்று சொல்லிவிடுகிறோம். அவன் காலையில் உண்டானா, கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகிறதா, இரவில் தார் சுற்ற உட்கார்ந்து உறக்கம் கெடுகிறதா என்று கேட்டோமா? தறியில் வேகம் குறைந்துவிட்ட முதியவரைப் பயனற்றவர் என்கிறோம். அவர் உட்காரும் தறிக்குழிக்குப் போதிய வெளிச்சம் இருக்கிறதா? பசித்தவனை நோயாளி என்று எண்ணிச் செய்யும் வைத்தியம் செலவைக் கூட்டும், பசியை ஆற்றாது.

இரண்டாவது, நின்றபடி ஓடுவதைக்கொண்டு நலத்தை அளக்கக்கூடாது. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது எல்லோரும் நலமாகவே தோன்றுகிறோம். அது வாசலில் ஓடும் எஞ்சின். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், நூல் விலை ஏற்றம், வீட்டில் ஒரு நோய் என்று பாரம் ஏறும் நாளில்தான் பற்றாக்குறை தெரியும். அதுவும் உடனே தெரியாது. சேர்த்துவைத்த பலத்திலிருந்து சில காலம் ஓடுவார்கள்; பிறகே தளர்வார்கள். நன்றாக இருந்தவர் திடீரென்று விழுந்துவிட்டார் என்று நாம் வியக்கிறோம். உண்மையில் அவர் வெகுநாளாகச் சேமிப்பில் ஓடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, வழி திறந்திருக்கிறதா என்பதை, அது பயன்படவேண்டிய திசையிலேயே சோதிக்கவேண்டும். இதுவே என்னை மிகவும் தொட்டது. நாம் பிறருக்குப் புத்தி சொல்லும்போது வழி நன்றாகத் திறந்திருக்கிறது. வீட்டில் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சபையில் போதகரும் மூப்பர்களும் சொல்கிறோம். வார்த்தைகள் தடையின்றிப் போகின்றன. மறுமுனையில் குமிழியும் எழுகிறது. ஆகவே நமக்குள் அடைப்பு ஒன்றுமில்லை என்று நம்புகிறோம். ஆனால் மறுமுனையில் இருப்பவர் ஒரு தேவையோடு நம்மிடமிருந்து இழுக்கும்போது என்ன நடக்கிறது? மகன் தன் தோல்வியைச் சொல்ல வரும்போது, மருமகள் தன் சோர்வைச் சொல்ல வரும்போது, ஏழைச் சகோதரன் உதவி கேட்டு வரும்போது, நம்முள் ஒரு நாக்கு எழுந்து வழியை மூடிக்கொள்கிறதா? அவர்கள் எவ்வளவு தவிப்போடு கேட்கிறார்களோ அவ்வளவு இறுக்கமாக மூடுகிறதா?

வெளிப்புறம் பளபளப்பாக இருப்பதால் இது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. நமக்கே தெரியாமலும் இருக்கக்கூடும்.

இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில், தறிக்கூடத்தில், தெருவில், தளர்ந்து நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் சென்று உட்காருங்கள். ‘ஏன் இப்படி ஆனாய்?’ என்று கேட்கவேண்டாம், ‘எப்போது தளர்கிறாய்? எது உனக்கு வந்து சேரவில்லை?’ என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் ஒன்றும் சொல்லாதிருங்கள். சிறியதொரு ஹோஸை மாற்றினால் மீண்டும் வேலூர்வரை ஓடக்கூடிய எத்தனையோ உயிர்களை எடைக்குப் போடும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்கு முன்பாகப் போய்ப் பாருங்கள்.

சமாதானம் உங்களோடிருப்பதாக.